கரைக்கு வந்த செவ்வாய்

புதிதாகக் கல்யாணமானவனுக்கு ஆடி மாதம் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற நாள் கணக்கில் முடியாது. எனக்கு அது முந்நூறு நாள் ஓடியது.

ஐம்பத்தாறாம் வருஷம். செங்கல்பட்டில் எனக்குக் குமாஸ்தா வேலை. வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் என் மனைவி பூங்காவனத்தை அவள் அண்ணன் வந்து கடலோரத்துக் கடப்பாக்கத்துக்கு அழைத்துப் போய்விட்டான். (மாதம் முடியும்வரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது, மாமியார் சட்டம்.)

அந்த நேரம் பார்த்து, செவ்வாய் கிரகம் பூமிக்கு வெகு அருகில் வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். உடனே கடிதம் எழுதினேன். "தினமும் சாப்பிட்டதும் கடலுக்கு மேலே பார். சிவப்பாக ஒன்று எழும்பும். நானும் இங்கே மாடியில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்."

நாலாவது வரை படித்தவள் ஒரே வரியில் பதில் போட்டாள். "நெதமும் பாக்கறேன், ஒண்ணியும் தெரியல."

போதாதா? அந்த வாரமே பஸ் ஏறிவிட்டேன்.

மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "ஆடியில இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"விஞ்ஞான விஷயம் அத்தே. செவ்வாயைக் காட்டிட்டுப் போயிடறேன்."

வலை பிரித்துக்கொண்டிருந்த மாமனார், "காட்டட்டுமே, நாமளும் பாப்போம்" என்றார்.

அவளோடு தனியாக மணலில் உட்காரலாம் என்று வந்தவனுக்குப் பின்னால் தெருவே திரண்டு வந்தது. அமாவாசை இருட்டு. பெண்கள் கூட்டத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை. அந்த ஏக்கத்தையெல்லாம் பிரசங்கத்தில் கொட்டினேன். தெற்கு வானத்தில் கொடுக்கை வளைத்துக் கிடந்த தேளைக் காட்டினேன். தலைக்கு மேலே மாவு சிந்தியதுபோல் கிடந்த பால்வீதியைக் காட்டினேன். (கடலில் நட்சத்திரம் பார்த்தே திசை பிடிக்கிறவர்களுக்கு நான் வானம் சொல்லிக்கொடுக்கிறேன்!)

அப்போது கடலோரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி எழும்பியது.

"அதோ! அதுதான் செவ்வாய்! அங்கே மனுஷங்க இருக்கலாம்னுகூடச் சொல்றாங்க."

"இன்னா மாப்ள, ஏறி ஏறி எறங்குது?" என்றார் ஒரு பெரியவர்.

"காற்று மண்டலம்" என்றேன், கொஞ்சமும் தயங்காமல்.

செவ்வாய் பெரிதாகிக்கொண்டே வந்தது. "பூமிக்கு நெருங்கி வருதுன்னு சொன்னேனில்ல?" என்று நான் முடிப்பதற்குள், செவ்வாய் கத்தியது. "டேய், நின்னுகினு வேடிக்க பாக்கறீங்களே, வந்து கட்டுமரத்த இழுங்கடா!"

என் மச்சான். கண்ணாடி உடைந்த லாந்தருக்குச் சிவப்புத் தாள் சுற்றியிருந்தான்.

கரை முழுக்கச் சிரிப்பு. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. என் தாடையைப் பிடித்து வலப்பக்கமாக மேலே திருப்பினார். பெரிதாக, அசையாமல், கங்குபோல் நின்றிருந்தது. "நீங்க சொல்றது அங்க கீது மாப்ள. ஒரு மாசமா அத்த பாத்துகினுதான் வந்துகினு கீறோம்."

கடலுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. இறங்கவும் செய்தேன், கட்டுமரம் இழுக்க. இடுப்பு வரை நனைந்து கயிற்றைப் பிடித்தபோது பக்கத்தில் வளையல் சத்தம்.

"நான் மொத நாளே அத்த பாத்துட்டேன்" என்றாள் பூங்காவனம், மெதுவாக.

"பின்னே ஏன் தெரியலன்னு எழுதினே?"

"தெரிஞ்சிதுன்னு எழுதிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"

அவ்வளவுதான் பேச முடிந்தது. மாமியார் அவளை வீட்டுக்குள் அனுப்பினார். என்னை மச்சானோடு வலைக் குவியலில் படுக்கவைத்து, விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இன்றைக்கும் கரண்ட் போய் யாராவது டார்ச் அடித்தால் போதும், "தாத்தா, செவ்வாய் வந்துட்டுது!" என்று பேரப்பிள்ளைகள் கத்துவார்கள். கரைச் சேதி மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்; கயிறு இழுத்தபோது பேசியது தெரியாது. அவள் இருந்தவரை, அவர்கள் கத்தும்போதெல்லாம் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இப்போது அவர்களோடு சேர்ந்து நான்தான் சிரிக்கிறேன், அவள் பங்குக்கும் சேர்த்து.