எங்கள் பாதையைத் தாங்கள் வீதியாக்கியது பற்றி

வம்மியடித்துறை,
மூதூர் தெற்கு.
18.03.2003

கனம் பத்திராதிபர் ஐயா அவர்களுக்கு,

வெருகல் வேலவன் காவலில் நானும் என் மனைவி குணமணியும், வேலியைப் பிரித்துப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பி வந்த பசுவும் சுகமாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சுக்கூடத்தில் வேலை செய்கிற பிள்ளைகளும் அவ்விதமே இருக்க வேண்டும் என்று நான் தினமும் வேண்டுகிறேன் என்று எழுதினால் பொய். இன்றைக்குத்தான் வேண்டினேன். ஆனால் மனதார வேண்டினேன்.

என் பெயர் கனகசுந்தரம். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். ஒன்பதை இரண்டு வருடம் படித்ததால் பத்து என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. மாசி மாதம் தாங்கள், சண்டை நின்றிருக்கிறது, இனி ஆட்கள் ஊர் பார்க்க வருவார்கள், ஆகையால் வாசகர்கள் தங்கள் ஊரின் வரலாற்றையும் பருவகாலக் காட்சிகளையும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊர் வாவிக் கரையில் இருக்கிற ஊர். அதைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்று நானே முடிவு செய்து, கொப்பியில் எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினேன். 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். நன்றி. குணமணி அதை வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். இவ்வளவும் நல்ல செய்தி. இனி வருவது முறைப்பாடு.

ஐயா, எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை. ஆட்களையும் மாட்டு வண்டிகளையும் வான்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். இரண்டு கரைக்கும் நடுவே இரும்பு வடம் ஒன்று கட்டியிருக்கும். அதைக் கையால் பிடித்து இழுக்க இழுக்கப் பாதை நகரும். எங்கள் பாதையின் மிதவைகள், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்கார நேவி திருகோணமலைத் துறைமுகத்தில் கழித்துப் போட்டவை. அதை முப்பத்தொரு வருடம் இழுத்தவன் நான். பென்சன் எடுத்த பிறகும் ஆள் வராத நாட்களில் நான்தான் இழுக்கிறேன். அப்படியிருக்க, தங்கள் காரியாலயத்தில் இருக்கிற கெட்டிக்காரர் ஒருவர், பாதை என்பது பழைய சொல் என்று நினைத்தோ என்னவோ, நான் பாதை என்று எழுதிய பதினொரு இடத்திலும் வீதி என்று திருத்திவிட்டார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் பாதை வடத்தை அறுத்துக்கொண்டு இரண்டு மைல் மிதந்து கரையோரக் கண்ணாக் காட்டில் மாட்டுப்பட்டது என்று நான் எழுத, வீதி இரண்டு மைல் மிதந்தது என்று வந்திருக்கிறது. "இந்த வீதியை நான் முப்பத்தொரு வருடம் இழுத்தேன்" என்றும் இருக்கிறது. சங்கக் கடை மனேஜர் தங்கரத்தினம் அதை நாலு பேருக்கு முன் வாசித்துக் காட்டிவிட்டு, "கனகசுந்தரத்தார், உங்கட கைக்குச் சோலி இல்லாட்டி எங்கட வளவுப் பக்கமும் ஒரு றோட்டை இழுத்து விடுங்கோவன்" என்கிறான். நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

சிரிப்போடு போயிருந்தால் நான் முத்திரை ஒட்டியிருக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை கொழும்பில் இருந்து வான் ஒன்று, தங்கள் பேப்பரை முன் கண்ணாடியில் செருகிக்கொண்டு வந்தது. அக்கரையில் துறையடியில் தயிர்ச் சட்டி அடுக்கி வைத்து விற்கிறவர் என் சிநேகிதர் சரீப். பேப்பர் படிக்கிறவர். ஆகையால் வீதி என்றால் பாதை என்று விளங்கிக்கொண்டிருந்தவர். சாரதி அவரிடம் கேட்டிருக்கிறான்.

"நானா, வம்மியடித்துறை வீதி எங்க?"

"மற்றக் கரையில நிக்கிது மனே."

"அது சரி, இந்தக் கரையில எங்க தொடங்குது?"

"தொடங்கிறதெல்லாம் இல்ல. கூப்பிட்டா வரும்."

"றோட்டு வருமா?"

"ஓம். ஆனா இப்ப ஏலாது. கனகண்ணன் சோறு தின்டு முடிச்சாத்தான் வரும்."

சாரதி சரீப்பை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வீதி தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கும், வடம் போகிற நேருக்குப் போனால் சரி என்று வானை வாவிக்குள் இறக்கிவிட்டான். சில்லு அச்சு வரை சேற்றில் புதைந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சரீப்பின் எருமைகள் நாலைக் கட்டித்தான் இழுத்து எடுத்தோம். அவர்களில் ஒரு அம்மா, "இதுவும் பருவகாலக் காட்சியா?" என்று கேட்டா.

அது போக, வீதிகளைப் பதிகிற ஐயா ஒருவர் பைலோடு வந்தார். தன் பட்டியலில் இல்லாத வீதி எப்படிப் பேப்பரில் வந்தது என்று அவருக்கு நித்திரை இல்லையாம். கேட்டதற்கெல்லாம் உண்மை சொன்னேன்.

"வீதி நீளம்?"

"இருபத்துநாலடி ஐயா."

"அடியா, மைலா?"

"அடிதான். அகலம் பன்னிரண்டு."

"தார் போட்டதா?"

"ஓம் ஐயா, வருசம் ஒருக்கா. அடிப்பக்கம்."

"அடிப்பக்கமா?"

"மேல்பக்கம் போட்டா ஆக்களின்ர கால் ஒட்டுமே."

அவர் பைலை மூடிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் கேட்டுக் குடித்தார். நல்ல மனிதர். போகும்போது என் வயதைக் கேட்டுவிட்டுப் போனார்.

இதையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது போன வியாழக்கிழமைத் தபாலில் வந்தது. எங்களுக்கு ஒரே மகள், ராசமலர். வெள்ளவத்தையில் இருக்கிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது, ஊருக்கு வந்து. அவள் எழுதியிருக்கிறாள்: "அப்பா, பேப்பரைப் பார்த்தன். கடைசியா எங்கட ஊருக்கும் றோட்டுப் போட்டிட்டாங்கள் எண்டு இவருக்கு வாசிச்சுக் காட்டினன். சித்திரை வருசத்துக்குக் கந்தளாய் வழியா வான் பிடிச்சு வாறம். வாசல் வரைக்கும் வான் வரும்தானே? தம்பிக்கு அம்மாவின்ர பால்றொட்டி வேணுமாம்." தம்பி என்றது என் பேரனை. ஏழு வயது. நாங்கள் கொழும்புக்குப் போய் மூன்று முறை பார்த்திருக்கிறோம். அவன் எங்கள் வாவியை ஒரு முறையும் பார்த்ததில்லை.

அவள் ஏன் வரவில்லை என்று தாங்கள் கேட்கலாம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், சண்டை மூண்டு ஊர் முழுவதும் ஓடின அன்று, அறுபத்திரண்டு பேரும் ஆடுகளும் மூட்டைகளும் ஏறின பாதையை நான்தான் இழுத்தேன். நடு வாவியில் வடம் அறுந்தது. பாதை மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. மேலே ஹெலி சுற்றுகிறது. நான் "இந்தா வந்திட்டுது, இந்தா வந்திட்டுது" என்று விடிந்ததில் இருந்து வெயில் சாயும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். கரை ஒரு முழமும் கிட்ட வரவில்லை. பாரம் குறைத்தால்தான் திட்டில் இருந்து இறங்கும் என்று கண்டு, மூட்டைகளைத் தண்ணீரில் தள்ளச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. தகப்பன் முதலில் தன் வீட்டுப் பாரத்தைத் தள்ளினால் மற்றவர்களும் தள்ளுவார்கள் என்று நினைத்து, ராசமலரின் தையல் மெசினைத் தூக்கிப் போட்டேன். ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துத் தைத்து அவளே வாங்கின மெசின். அவள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தவள். நான் கையை விலக்கித்தான் எடுத்தேன். அதற்குப் பிறகு எல்லாரும் போட்டார்கள். பாதை இறங்கியது. அறுபத்திரண்டு பேரும் உயிரோடு கரை சேர்ந்தோம். அவள் அழவில்லை. "அப்பா, இனி உங்கட பாதையில நான் கால் வைக்க மாட்டன்" என்று மட்டும் சொன்னாள். சொன்னபடி நிற்கிறாள். ஒவ்வொரு பங்குனியிலும் தண்ணீர் வற்றும்போது நான் அந்தத் திட்டடியில் கம்பால் குத்திக் குத்திப் பார்க்கிறேன். போன கிழமையும் பார்த்தேன். ஆமையும் ஓட்டை வாளியும்தான் தட்டுப்படுகின்றன. வேண்டுமானால் இதையும் பருவகாலக் காட்சிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே பிள்ளைதான், ஐயா, அந்தப் பாதையை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றவள். மார்கழியில் முகத்துவாரம் உடைத்துக் கடல் உள்ளே ஏறி இறால் வருகிறதையும், பள்ளிக்கூடக் கொப்பி எல்லாம் இறால் மணக்கிறதையும் எழுதினேன், போட்டீர்கள். தையில் எங்கிருந்தோ வருகிற குருவிகள் ஒரு செக்பொயின்றிலும் இறங்காமல் நேரே வாவியில் இறங்குவதைப் போட்டீர்கள். ஆனியில் பாலைப்பழம் தின்று உதடு ஒட்டி ஊரே வாய் திறக்காமல் இருப்பதையும் போட்டீர்கள். இடம் போதாமல் தாங்கள் வெட்டின பந்தி ஒன்று இருக்கிறது. ஆவணியில் வெருகல் திருவிழாவுக்குக் கடை போட மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் ஆட்கள் எங்கள் துறையால்தான் போவார்கள். தொதலும் அல்வாவும் வளையல் பெட்டியும் ஏற்றி நான் ஒரு நாளில் நாற்பது தடவை இழுத்திருக்கிறேன். ஒரு வருடம் முஹம்மது தம்பி என்கிறவர் குதிரை ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். எட்டு மரக்குதிரைகளும் பாதையின் ஓரத்தில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றன. ஆறு வயது ராசமலர் வெள்ளைக் குதிரையில் ஏறிக்கொண்டாள். அக்கரை வந்தது. இறங்க மாட்டாளாம். "அப்பா, திருப்பி இழுங்கோ." முஹம்மது தம்பி சிரித்துக்கொண்டு, "இழுங்கண்ணே, குதிரைக்கும் தண்ணி பாக்க ஆசைதானே" என்றார். மூன்று தடவை குதிரைகளோடு போய் வந்தோம். திருவிழாக் கூட்டம் கரையில் காத்து நின்று என்னைத் திட்டியது. அப்படித் திட்டு வாங்க எனக்கு இன்னொரு நாள் கிடைக்கவில்லை.

ஆகையால் என் வேண்டுகோள். அந்தத் தண்ணீர் நடுவில் ஒரு நாள் முழுக்க அவளுக்குப் பொய் சொன்னவன் நான். றோட்டு இருக்கிறது என்று இன்னொரு பொய்யில் அவளைக் கூட்டி வர எனக்கு மனம் இல்லை. அதை நானே அவளுக்கு எழுதவும் கை வரவில்லை. மூன்று கடிதம் தொடங்கிக் கிழித்தேன். தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையே, தவறாமல், கொட்டை எழுத்தில், கீழ்க் கண்டவாறு போட வேண்டும்: "வம்மியடித்துறைக்கு வீதி கிடையாது. இருப்பது பாதை. அதை இழுப்பவர் பழைய ஆள்தான்."

தங்கள் பேனாவுக்கும் பத்திரிகைக்கும் வேலவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். சொல்லைத் திருத்தின பிள்ளையை ஏச வேண்டாம். அவர் வந்தால் அவரையும் சும்மா ஏற்றி இறக்குவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
வே. கனகசுந்தரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் குணமணி வாங்கி வாசித்தாள். பிறகு, "திருத்தம் போட்டா அவள் வருவாளோ?" என்று கேட்டாள். ஆகவே ஐயா, மேலே எழுதினதை எல்லாம் விட்டுவிடுங்கள். சித்திரை முடியும் வரை ஒரு திருத்தமும் போட வேண்டாம். முடிந்தால் இன்னொரு தடவை வீதி என்றே போடுங்கள். அவள் வான் அக்கரைத் துறையடி வரைக்கும் வந்துவிடட்டும். பொங்கல் பானையை அங்கே கொண்டுபோய் வம்மி மரத்தடியில் வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். ஏற மாட்டேன் என்றால் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். றோட்டு எங்கே என்று பேரன் கேட்டால், "அந்தா வருது மனே" என்று சொல்லச் சரீப் ஒத்துக்கொண்டுவிட்டார். இழுத்துக்கொண்டு வருவது நான். தாங்களும் பொய் சொன்னதாக இருக்கக் கூடாது என்பதற்காக, வீட்டில் மிஞ்சிக் கிடந்த நீலப் பெயின்றால் நேற்றுப் பின்னேரம் பாதையின் பக்கப் பலகையில் "வம்மியடித்துறை வீதி" என்று எழுதிவிட்டேன். இன்னும் காயவில்லை.