நாலு லைட்டு நவநீதன்

மனித குலத்தின் ஒளி வரலாற்றை எழுதப் போகிறவர்கள், கல்லோடு கல்லை உரசிய கதையை ஒரு பத்தியில் முடித்துக்கொண்டு, நேராக ஸ்ரீரங்கத்தை ஒட்டியுள்ள ஆனந்தவல்லி நகர் விரிவுக்கு வந்துவிடுவது நல்லது. அங்கேதான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் சூப்பிரண்டு நவநீதன், கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய மோட்டார் பைக்கில் நாலு எல்.இ.டி. விளக்குகளை மாட்டி, இருட்டு என்னும் சமூகத் தீமைக்கு முடிவு கட்டினார்.

தீமை சாதாரணமானதல்ல. பஸ் ஸ்டாப்பிலிருந்து அவர் வீடு வரைக்கும் தெருவிளக்குகளில் ஒன்றைத் தவிர மற்றவை எரிவதில்லை. திருப்பத்தில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளம் மூடுவாரில்லாமல் வாய் பிளந்து கிடந்தது. அவர் மனைவி அறிவுமதி பாலக்கரையில் கணக்கு டீச்சர். ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, இருட்டிய பிறகு பஸ்ஸை விட்டு இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் தினமும் நடந்து வர வேண்டும்.

"என்னைக்காவது உள்ள விழப் போறேங்க. கார்ப்பரேஷன் ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள்.

ஓர் ஆபீஸுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன நடக்கும் என்பது நவநீதனுக்குத் தெரியும். அவர் மேசைக்கும் அப்படிப் பலர் வந்து போனார்கள். ஆகவே அவர் நேராக மெக்கானிக் நவ்ஷாத்திடம் போனார்.

"ரெண்டு லைட்டு போடலாங்களா?"

"ரெண்டு எல்லாரும்தான் போடுறாங்க சார். நாலு போட்டாத்தான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

"பழைய வண்டியாச்சே, தாங்குமா?"

"அதெல்லாம் தாங்கும் சார். என்ன, லைட்டைப் போட்டீங்கன்னா ஹாரன் அடிக்காது."

"ஏன்?"

"வண்டில இருக்கற கரண்ட்டு அவ்வளவுதான். இந்த வெளிச்சத்தைப் பாத்தாலே ஜனம் ஒதுங்கிடும். அப்புறம் ஹாரன் எதுக்கு சார்?"

இந்த வாதத்தின் அழகில் நவநீதன் சொக்கிப்போனார். எல்லாம் மதிக்காகத்தான் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, விளக்குகளுக்குக் கம்பிக் கூண்டும் மஞ்சள் மூடியும் சேர்த்து வாங்கினார்.

அன்று மாலை பஸ் ஸ்டாப்புக்குப் போய் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினார். எதிரே ஸ்கூட்டரில் வந்த குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் பீமராவ், இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு யாருடைய வீட்டு கேட்டிலோ போய் மோதி நின்றார்.

"யாருய்யா அது, லாரியா?"

"நான்தான் சார், நவநீதன்."

பீமராவ் கேட்டின் கம்பிகளிலிருந்து ஸ்கூட்டரை மீட்டெடுத்து, நவநீதனின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நன்றாக நாலு திட்டு திட்டப் போகிறார் என்று அறிவுமதி ஆவலோடு காத்திருந்தாள்.

"எங்க மாட்டினீங்க?" என்றார் பீமராவ்.

அடுத்த வாரம் அவர் ஸ்கூட்டரில் ஆறு விளக்குகள் முளைத்தன. அவரால் கண் கூசியவர்கள் அதைவிடப் பெரிதாக வாங்கினார்கள். இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவர் கண்ணைப் பறித்துத் தம் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டதற்குச் சங்கம் 'வெளிச்சப் புரட்சி' என்று பெயர் சூட்டியது. புரட்சியின் தந்தை என்ற முறையில் நவநீதனுக்குப் பொறுப்புகள் கூடின. மாலையில் காவிரிப் பாலத்தில் ஒரு நடை போய் வர வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முசிறி வரை போய் டீ குடிக்க வேண்டியிருந்தது, பட்டப்பகலில், நாலு விளக்கும் எரிய. மனைவியை அழைத்து வரத்தான் நேரம் வாய்க்கவில்லை. அவள் செல்போன் வெளிச்சத்திலேயே நடந்து வந்தாள்.

கடைசியில் அவளே ஒரு மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரும் எதிர்பாராத வகையில் அது படிக்கப்பட்டுவிட்டது. தெருவிளக்குப் பிரிவு அதிகாரி ஸ்டீபன்ராஜ், இருட்டை நேரில் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது.

சங்கம் அவசரமாகக் கூடியது. தெருவைத் தேடி ஓர் அதிகாரி வரும்போது வெறுங்கையோடு நிற்க முடியுமா? இருபுறமும் வண்டிகளை நிறுத்தி, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, 'ஒளி அணிவகுப்பு மரியாதை' அளிப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

"இருட்டைப் பாக்க வர்றவருக்கு எதுக்குங்க லைட்டு?" என்றாள் அறிவுமதி.

"மதி, இதுல போய்க் கணக்கு பாக்காத. இது மரியாதை."

ஸ்டீபன்ராஜ் ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதல் காரியமாகக் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்கங்க இருட்டு?"

"இங்கதான் சார்" என்றார் பீமராவ், பெருமிதமாக.

"இங்கன்னா?"

"நீங்க நிக்கிற இடமே இருட்டுதான் சார்."

அதிகாரி கீழே பார்த்தார். தரையில் ஓர் எறும்பு எதையோ இழுத்துக்கொண்டு போவது தெளிவாகத் தெரிந்தது.

"கொஞ்சம் லைட்டை அணைங்களேன், பாத்துடலாம்."

"உங்க முன்னாடி அணைக்கறதா? நல்லா இருக்காதுங்க சார்."

வற்புறுத்தாமலே வேலை முடிகிறபோது எந்த அதிகாரிதான் வற்புறுத்துவார்? "சார், இந்தப் பள்ளமாவது…" என்று பின்னாலிருந்து அறிவுமதியின் குரல் வந்தது. "பள்ளம் வேற டிபார்ட்மெண்ட்டும்மா" என்றுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

உத்தரவு மின்னல் வேகத்தில் வந்தது. தெருவில் 'பொதுமக்கள் பங்களிப்புடன் கூடிய உபரி வெளிச்சம்' நிலவுவதால் மனு முடித்து வைக்கப்படுகிறது. எரிந்துகொண்டிருக்கும் ஒரே விளக்கும் தேவையுள்ள தெருவுக்கு மாற்றப்படுகிறது. இத்தெரு 'முன்மாதிரித் தெரு' எனப் பாராட்டப்படுகிறது. ஏணி வண்டி வந்து விளக்கைக் கழற்றிக்கொண்டு போயிற்று. பாராட்டு வரியைப் பீமராவ் உரக்கப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, தெருவின் மறுகோடியிலிருந்த காலி மனையில் நவநீதனுக்குப் பாராட்டு விழா. மேடைக்கு வெளிச்சம் ஏற்பாடு செய்யவே தேவைப்படவில்லை. தெருவிலிருந்த அத்தனை வண்டிகளும் அங்கே வந்து மேடையைப் பார்த்து நின்றன. நவநீதன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொன்னாடை பெற்றுக்கொண்டார்.

"கட்டிய மனைவி இருட்டில் நடக்கக் கூடாதே என்ற தவிப்பில் பிறந்தது இந்த ஒளி" என்று பீமராவ் மைக்கில் தழுதழுத்தார்.

வீட்டுக்குத் திரும்பிய நவநீதன், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இடுப்பு வரை சேறு அப்பிய புடவையோடு அறிவுமதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிப் புடைத்திருந்தது.

"பள்ளத்துல விழுந்துட்டியா? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

"குடுத்தேன். மைக் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

அவர் தோளிலிருந்த பொன்னாடையை அவள் இடது கையால் உருவினாள். பல்லால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டி, அடிபட்ட கையை அதற்குள் தொங்கவிட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப எழுந்து, செருப்பைத் தேடியபடியே கேட்டாள்:

"தெருவுல இத்தனை வண்டி இருக்கு. நான் விழறப்ப ஒரு லைட்டைக்கூடக் காணோமே, எல்லாம் எங்கங்க அடிச்சிட்டிருந்தீங்க?"

நவநீதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் மூஞ்சில, மதி."