லிங்க் அனுப்பும் வாத்தியார்

ஆங்கிலம் சொல்லித் தருகிறவர்களில் புதிதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. லிங்க் வாத்தியார் என்று பெயர். எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? மாலை நேர ஆங்கில வகுப்பு நடக்கும் எந்தக் கட்டடத்துக்கும் போங்கள். ஒருவர் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புரொஜக்டர் வயரைப் பிடுங்கிச் செருகி, மறுபடி பிடுங்கிச் செருகி, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவரேதான்.

சனிக்கிழமையானால் ஏதாவது ஓர் இணையப் பயிற்சியில் உட்கார்ந்துவிடுவார். காது கொடுத்துக் கேட்க ஒரு தளம், வாசிக்க ஒரு தளம், எழுதியதைத் திருத்த ஒன்று, உச்சரிப்புக்கு மார்க் போட ஒன்று, இவை எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தனியாக ஒன்று; இத்தனையையும் கற்று, சான்றிதழ் வாங்கி, அதை எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டு, நாங்கள் எல்லோரும் பூங்கொத்துப் படம் அனுப்பி முடிப்பதற்குள், அந்தத் தளம் பழசாகி அடுத்தது வந்துவிடும். மனுஷன் அசர மாட்டார். "அதெல்லாம் போன மாசம் சார். இது வேற லெவல்" என்பார்.

வகுப்பு எப்படி நடக்கும் தெரியுமா? முதல் பாதி அக்கவுன்ட் திறப்பதில் போகும். அடுத்த பாதி பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு. ஏதாவது மிச்சம் இருந்தால் வினாடி வினா. திரையில் கேள்வி வரும், கீழே நாலு விடை நாலு நிறத்தில் வரும், சரியானதைத் தட்டினால் வண்ணக் காகிதம் பறந்து கைதட்டல் கேட்கும். லாரி ஓட்டுகிறவர், தையல்காரர் என்று எல்லாரும் உழைத்துக் களைத்து வந்தவர்கள். யாருக்குத்தான் கைதட்டல் கசக்கும்? வகுப்பு முழுக்க ஒரே குஷி. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் மட்டும் யார் வாயிலிருந்தும் வராது.

அங்கே படித்த ஒரு நர்ஸ்தான் புள்ளிப் பட்டியலில் எப்போதும் முதலிடம். தட்டுவதில் அவ்வளவு வேகம். அவருக்கு இரவு ஷிஃப்ட் வேலை, அதனால் மகளை அக்கா வீட்டில் விட்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பகல் வேலை காலியாக இருந்தது. கிடைத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். நேர்காணல் ஆங்கிலத்தில்.

"சார், வர்ற வாரம் இன்டர்வியூ. கொஞ்ச நேரம் என்கூட இங்கிலீஷ்ல பேசுங்க. நீங்க கேளுங்க, நான் தப்புத் தப்பாவாவது பதில் சொல்றேன்."

ஒரு வாத்தியாரிடம் இதைவிடச் சுலபமாக வேறென்ன கேட்க முடியும்? நம்மவருக்கோ முகம் வெளிறிவிட்டது.

"அதுக்கு எதுக்கும்மா நான்? அருமையான தளம் ஒண்ணு வந்திருக்கு. அதுவே கேள்வி கேட்கும், மார்க்கும் போடும். லிங்க் அனுப்புறேன்."

"மெஷின் வேணாம் சார், நீங்களே..."

"இன்னிக்கு நெட் ஸ்லோம்மா" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பேசுவதற்கு எதற்கு நெட் என்று அந்த அம்மா கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

பக்கத்து அறையில் இலக்கணம் நடத்துகிறவன் நான், எனக்கு விஷயம் தெரியும். லிங்க் வாத்தியாருக்கு ஆங்கிலத்தில் பேசப் பயம். படித்தார், பாஸ் செய்தார், ஆனால் எதிரே ஓர் ஆள் நின்று பதிலுக்குக் காத்திருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது குற்றமா என்ன? நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆனால் அதை மூடி மறைக்க இத்தனை சான்றிதழா? நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

நேர்காணல் முடிந்து நர்ஸ் வகுப்புக்கு வந்தார். "என்னம்மா ஆச்சு?" என்று வாத்தியார் ஆவலாகத்தான் கேட்டார்.

"இந்த வேலை உங்களுக்கு ஏன் வேணும்னு கேட்டாங்க சார். கேள்வி நல்லாவே புரிஞ்சுது. நாலு விடை வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன். அவங்களும் காத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், அடுத்த மாசம் இன்னொரு தடவை வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

வாத்தியார் தலை குனிந்தார். ஆகா, மனுஷன் திருந்திவிட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு இனிப் பேசப் போகிறார் என்றுதான் வாசலில் நின்ற நானும் நினைத்தேன். அவர் குனிந்தது போனைப் பார்க்க. "கவலைப்படாதீங்கம்மா. பேச்சுப் பயிற்சிக்குன்னே ஒரு வீடியோ இருக்கு. இப்பவே போடுறேன்" என்று மறுபடி வயரைப் பிடித்தார்.

நர்ஸ் போனைப் பைக்குள் போட்டுவிட்டு லாரிக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்தக் கேள்வியை நீங்க இங்கிலீஷ்ல கேளுங்க." அவரும் தடவித் தடவிக் கேட்டார். "ஐ வான்ட்... மை டாட்டர் வித் மீ" என்று அந்த அம்மா ஒரு வழியாகச் சொல்லி முடித்தார்.

"பேசாம இருங்கம்மா" என்றார் வாத்தியார். "வீடியோ கேட்க மாட்டேங்குது."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒரே ஒரு சந்தேகம். இதைப் படிக்கும்போதே, 'அடடா, இந்த லிங்க்கை அவருக்கு அனுப்பணுமே' என்று ஒருவர் முகம் ஞாபகத்துக்கு வந்ததே, அவர் உங்கள் பக்கத்து அறையில்தானே இருக்கிறார், எழுந்து போய்ப் பேசினால் என்ன?