கட்டார் வரை போன படங்கள்

கம்ப்யூட்டர் பெட்டி மூன்று தடவை கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஜெசிந்தினி சுவிட்சைத் திரும்பத் தட்டினாள். திரும்பவும் மூன்று தடவை.

"மூணு தரமா? அப்ப ரேம்ல அழுக்கு," என்றான் போனில் அவள் புருசன் றொபின்சன். "கழட்டி, பாப்பாவோட அழிறப்பர்ல நல்லாத் தேய்ச்சுப் போடு ஜெசி."

"ஏங்க குசுகுசுன்னு பேசுறீங்க?"

"ரூம்ல ஆளுங்க தூங்குறாங்க."

"அங்கயும் மழையா? சத்தம் கேக்குதே."

"இது ஏசி சத்தம்."

அவன் கட்டாருக்குப் போய் எட்டு மாதம். தேயிலைத் தோட்டத்து ஒபிஸில் கழித்துப்போட்ட அந்தக் கம்ப்யூட்டரை ஹல்துமுல்லை மழையில் தோளில் தூக்கிவந்தவன் அவன்தான். லினக்ஸ் போட்டு வீட்டுக்கு ஒரு செர்வர் செய்வேன் என்றான். படம், பாட்டு எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள் வைத்திருந்து, கேட்கும்போது போனுக்குக் காட்டும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயராம். செய்தானா? எங்கே செய்தான்! சபதம் போடுவதில்தான் ஆள் கெட்டிக்காரன். புறப்பட்ட அன்றும் லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்கக் கேட்க, "சொந்த வீட்டுக்கு ஒரு வழி பண்ணாம இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

ஒரு மாதமாக அவன் பேச்சு சுருங்கிப்போயிற்று. கேமரா உடைந்துவிட்டது என்று முகமும் காட்டுவதில்லை. எதைக் கேட்டாலும் "ம்". தான் வேலை பார்க்கும் பிள்ளைமடுவத்தில் ஊரார் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே ஜெசிந்தினி கண்ணைத் துடைப்பாள். இப்படித்தான் ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை மறந்துபோகிறான் என்று அவளுக்குப் பயம். மகள் ரொஷானி கோயிலில் புதுநன்மை வாங்கிய படங்களை அவன் ஒரு தரம் கண்ணாரப் பார்த்துவிட்டால் போதும், மனுசன் திரும்பிவிடுவான் என்று நம்பினாள். போனுக்கு அனுப்பாதே, இடமில்லை என்றான். சரி, செர்வர்தான் வழி. அதைப் பற்றிப் பேசும்போது மட்டுமாவது அவனுக்கு வாய் திறக்கிறது.

ரேமைத் தேய்த்துப் போட்டாள். பெட்டி உயிர் பெற்றது. போன் கடை ரிப்கான் நானா கொடுத்த பென் டிரைவைச் சொருகி லினக்ஸைப் போடத் தொடங்கினாள்.

"என்னமோ கேக்குதுங்க. யெஸ்ஸா, நோவா?"

"யெஸ் குடு."

கொடுத்தாள். அது டிஸ்க்கை முழுதாக அழிக்கவா என்று கேட்டிருக்கிறது.

"ஐயோ, பாப்பா படமெல்லாம் நேத்து அதுக்குள்ளதானே போட்டேன். போன்லயும் அழிச்சிட்டேன்."

"அத ஏன்டி முதல்ல சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. ஜெசிந்தினி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்சுவரில் டொக்கு டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது.

"என்னாடி அழுவுற?"

அவள் நாத்தனார் பிரான்சிஸ்கா. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயம், அந்தப் பக்கத்துக் காம்பராவில் அவள் தனியாக இருக்கிறாள். ஒரு மாதமாக அவளுக்கு இருமல். ஒட்டிக்கொள்ளும் என்று ரொஷானியைக்கூட உள்ளே விடுவதில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் குறைவில்லை, ஒற்றை மனுசி நாளைக்கு ரெண்டு றாத்தல் பாண் வாங்குகிறாள். பெருநாள் பூசைக்கே கையைப் பிடித்து இழுத்துப்போக வேண்டிய ஆள், போனில் பூசை பார்க்கவேண்டும் என்று வைஃபை பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டாள். நோய் வந்தால் பக்தியும் வரும்போல என்று ஜெசிந்தினி நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல மதினி. நீங்க படுங்க."

மறுநாள் பெட்டியையும் போனையும் ரிப்கான் நானாவின் கடைக்குச் சுமந்தாள். பாதி வழியில் மழை பிடித்தது. சேலை முந்தானையைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு அவள் நனைந்தாள். நானா போன் சிப்பிலிருந்து படங்களை எப்படியோ மீட்டு, செர்வரையும் தானே ஒழுங்குபண்ணி, ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார்.

"இந்த நம்பர அடிச்சா படம் வரும் தங்கச்சி. மிச்ச வேலைக்கு ஞாயித்துக்கிழம வாறன்."

மிச்ச வேலை அவள் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைச் சொருகி, றொபின்சனைக் கூப்பிட்டு, தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலையும் போட்டாள். படாரென்று லயம் முழுக்க இருண்டது. ரூட்டருக்குள் பற்றரி இருந்ததால் கோல் மட்டும் தப்பியது.

"அட, லைட் போச்சே," என்றான் றொபின்சன்.

"அங்கயுமா?"



"இங்கயும் அடிக்கடி போகும்."

கட்டாரிலும் இந்தக் கதிதானா என்று அவளுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. அதற்குள் லயத்துச் சனம் வாசலில் நின்று ஏசத் தொடங்கிவிட்டது. கேத்தலைக் கழற்றி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, பியூஸைப் போட்டபின் நம்பரை அவனுக்கு அனுப்பினாள்.

விடியும்போதே கோல் வந்தது.

"பாத்தேன் ஜெசி. பாப்பா வளந்துட்டா."

அவ்வளவுதான், வைத்துவிட்டான். பார்த்த மனுசன் இவ்வளவுதானா பேசுவான்? அவளைச் சமாதானப்படுத்தச் சும்மா சொல்லியிருப்பான்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ரிப்கான் நானா வந்தார். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, பெட்டியின் முன் உட்கார்ந்தார்.

"நானா, ஒரு விசயம் பாத்துச் சொல்லுங்க. அவரு நெசமாவே படம் பாத்தாரா?"

"பாத்திருக்க ஏலாதே. மிச்ச வேல இருக்குண்டு சொன்னேனே."

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கீபோர்டில் எதையோ அடித்தார். திரை நிறைய எழுத்து ஓடியது. வந்துபோன போனையெல்லாம் செர்வர் வரிசையாக எழுதி வைத்திருந்தது. ஜெசிந்தினி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பின்சுவருக்கு அப்பால் பிரான்சிஸ்கா இருமினாள். இருமல் கொஞ்சம் கனமாகத்தான் கேட்டது.

"உங்கட போன் இல்லாம இன்னொரு போன் வந்திருக்கு," என்றார் நானா. "மகள்ட ஒரே படத்த நாப்பத்தொரு தரம் தொறந்து பாத்திருக்கு."

"அவருதான். அவருதான் நானா." ஜெசிந்தினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எட்டு மாதத்து அழுகை ஒரேயடியாக வந்தது. "நான்தான் அவர சந்தேகப்பட்டுட்டேன். மறக்கல, மனுசன் எங்கள மறக்கல."

நானா அவளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பின்சுவரைப் பார்த்தார்.

"அழாதீங்க தங்கச்சி. வெளியில இருந்து பாக்குற வழிய நான் இன்னும் தொறக்கவே இல்ல, அதுக்குத்தான் இன்டைக்கு வந்தேன். இது வரைக்கும் இந்த ரூட்டர் எட்டினதெல்லாம், மிஞ்சிமிஞ்சிப் போனா, அந்தச் செவத்துக்கு அங்கால உள்ள காம்பரா மட்டுந்தான்."