உங்கள் அக்கா பிடுங்கிய தக்கை

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே வலது தோள்பட்டை நீங்கலாக நான் நலம். உங்கள் அக்காவும் நலம். அவள் நலத்துக்கு என்ன குறைச்சல், குறையெல்லாம் எனக்குத்தான். அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் சின்னவளும் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். வழக்கமாக ‘மச்சான்’ என்று ஆரம்பிக்கிறவன் இன்று ‘அவர்கள்’ போட்டு ஆரம்பித்திருக்கிறேன் என்றால், என் கோபம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று நீங்களே அளந்துகொள்ளலாம்.

விஷயம் இதுதான். உங்கள் அக்கா என் படகை மூழ்கடித்துவிட்டாள். தவறுதலாக இல்லை. தெரிந்தே, பட்டப்பகலில், பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிஸ்கட் தின்றுகொண்டே மூழ்கடித்தாள்.

இதற்கெல்லாம் மூல காரணம் நீங்கள்தான். முப்பத்து மூன்று வருடம் குடிநீர் வாரியத்தின் கசிவுத் தடுப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு எல்லா மைத்துனர்களும் கைக்கடிகாரம் கொடுப்பார்கள். நீங்கள் உங்கள் அப்பாவின் மரப் படகைக் கொடுத்தீர்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் முதுகுவலி வந்து விட்டுவிட்ட படகு, உங்கள் வீட்டுக் கொட்டகையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்புறக் கிடந்த படகு. கூடவே பழம்படகுச் சங்கத்தில் எனக்கு ஒரு வருட உறுப்பினர் அட்டை. “அத்தான், வீட்டுல சும்மா உக்காந்திருந்தா அக்காவோட சண்டைதான் வரும். தண்ணிப் பக்கம் போங்க, மனசு லேசாகும்” என்று சொன்னது யார்? நான் தண்ணீருக்குப் பயந்தவன் இல்லை. தெருவில் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால், பூமிக்கடியில் எந்தக் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவேன். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கொள்கை. அந்தக் கொள்கை உள்ளவனைக் கொண்டுபோய் எங்கே சேர்த்தீர்கள், பார்த்தீர்களா?

சங்கம் என்றால் கூடுவார்கள், தீர்மானம் போடுவார்கள், கலைவார்கள் என்று நினைத்தேன். இங்கே தேய்க்கிறார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உப்புத்தாளைக் கையில் எடுத்தால் ஒரு மணி வரைக்கும் தேய்ப்பு. தேய்த்த இடத்தில் வார்னிஷ் அடிப்பார்கள், அது காய்ந்ததும் மறுபடி தேய்ப்பார்கள். ஏனய்யா என்று கேட்டால் இன்னொரு பூச்சு ஏறும் என்கிறார்கள். நான்கு மாதத்தில் நான் படகில் ஏறியது இரண்டு தடவை, இரண்டும் தரையில் நின்ற படகு. அடுத்தவர் படகைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சுவரில் விதி எழுதி மாட்டியிருக்கிறார்கள். கைக்குத்தான் அந்த விதி, வாய்க்குக் கிடையாது. நான் குனிந்து ஓர் ஆணியைப் பார்த்தால் போதும், முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் டீயும் கையுமாக நின்று ஆறு யோசனை சொல்வார்கள். செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் எந்தப் படகைப் பார்த்தாலும், “ரொம்ப நாளா கவனிக்காம விட்டுட்டீங்க போலிருக்கே” என்றுதான் ஆரம்பிப்பார். கேட்டதும் எனக்குத் தானாக வாய் திறந்துகொள்கிறது.

அது போகட்டும், பொறுத்துக்கொண்டேன். என் படகுக்கு வருகிறேன். முறைப்படி பரிசோதனை செய்தேன். வெயிலில் நிறுத்தி, கீழே படுத்துப் பார்த்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. ஒன்று இரண்டு இல்லை, நாற்பத்தேழு இடம். சாக்பீஸால் எண் போட்டேன், படிவம் தயாரித்தேன், எங்கள் பிரிவில் பயன்படுத்துகிற இரண்டு டப்பா பசையை வரவழைத்தேன். இதையும் அதையும் கலந்தால் பத்து நிமிடத்தில் பாறை. நாற்பத்தேழையும் ஒரே சனிக்கிழமையில் அடைத்து முடித்து, நிமிர்ந்து பார்க்கிறேன், சங்கமே வாயடைத்து நிற்கிறது. பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். சங்கத்தில் தச்சர் ஒருவர் இருக்கிறார். ‘பொறுமை’ என்று பட்டப்பெயர், வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும். அவர் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அடுத்த இரண்டு சனிக்கிழமையும் என் பசை முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டார்.

“சார், பொறுமை. மரம் தண்ணி குடிச்சா உப்பும். உப்புறதுக்கு இடம் வேணும். நீங்க கல்லை வெச்சு அடைச்சா உள்ள இருக்கிற சட்டமெல்லாம் முறிஞ்சுடும்” என்றார்.

“உப்புற வரைக்கும்?” என்றேன்.

“ஒழுகும்.”

“ஒழுகினா?”

“ஒழுகட்டும்.”

முப்பத்து மூன்று வருடத்தில் என் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. எங்கள் மேலதிகாரி ஒருவர் மனதுக்குள் நினைத்திருக்கலாம், ஆனால் சொன்னதில்லை.

அதோடு விட்டார்களா? படகை ஆழமில்லாத தண்ணீரில் இறக்கி, அடியில் தண்ணீர் வடிய இருக்கிற ஓட்டையின் தக்கையைப் பிடுங்கி, முழுகவிட்டு, ஐந்து நாள் அப்படியே ஊறப்போட வேண்டுமாம். பயறு ஊறுவதுபோல் பலகை ஊறி இடுக்கெல்லாம் தானாக மூடிக்கொள்ளுமாம். பிறகு இறைத்துவிட்டுத் தக்கையை வைத்தால் போதுமாம். அதாவது கசிவை நிறுத்தப் படகுக்குள் ஏரியை ஊற்ற வேண்டும்! இதை ஒரு பல் டாக்டர் தலையாட்டி ஆமோதிக்கிறார். நான் ஒரே வார்த்தையில் முடியாது என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு சங்கத்தின் அணிவகுப்பு. புதிய உறுப்பினரின் படகு அன்று ஏரியை ஒரு முழுச் சுற்று வந்தால்தான் படகுத்துறையில் அதற்கு நிரந்தர இடம். வராவிட்டால் பழைய கொட்டகைக்கே திரும்ப வேண்டியதுதான். இந்த இடத்தின் மேல் உங்கள் அக்காவுக்கு அப்படி ஓர் ஆசை. உங்கள் அப்பாவின் படகு மறுபடி துறையில் நிற்க வேண்டும் என்று மூன்று மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. அதனால்தான் ஒரு திட்டம் போட்டேன். அணிவகுப்பு அன்று காலை வரை படகைத் தரையிலேயே வைத்திருந்து, இறக்கியதும் நான் கைப்பம்பு அடிக்க, அவள் வாளியால் இறைக்க, ஒரு சுற்று ஓட்டிவிடலாம். உங்கள் அக்கா திட்டத்தைக் கேட்டுவிட்டு, “பம்பு வாங்க எப்போ போறீங்க?” என்று மட்டும் கேட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கைப்பம்பு வாங்கப் போனேன். மாலை நாலு மணிக்குத் தோளில் பம்போடு துறைக்கு வந்தால் படகு நின்ற இடத்தில் படகு இல்லை. சங்கத்தார் பதினொரு பேரும் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே நான்கு விரல் அளவுக்கு ஒரு மூக்குத் தெரிகிறது. என் படகின் மூக்கு. உங்கள் அக்கா துறைப் படியில் கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் பிஸ்கட், மறு கையில் தக்கை.

“வாங்க. டீ இருக்கு, குடிக்கிறீங்களா?” என்றாள்.

“என்னடி இது?”

“படகு.”

“தண்ணிக்குள்ள கிடக்கு!”

“படகு வேற எங்க கிடக்கும்?”

பதினொரு பேரில் ஒருவராவது சிரிப்பை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. பம்பைக் கீழே போட்டேன், அது என் தோளையும் ஒரு பதம் பார்த்துவிட்டுத்தான் விழுந்தது. படகுக்குள் நான் ஆணி அடித்துப் பொருத்தியிருந்த மடக்கு நாற்காலி, நாற்பத்தேழு கசிவுகளின் படிவம், என் கண்ணாடிக்கூடு எல்லாம் ஜலசமாதி. என் இரும்புக் கம்பியை மட்டும் எடுத்துத் துண்டில் சுற்றிக் கரையில் வைத்திருந்தாள். அதைக்கூட வெயிலில் வைத்திருந்தாள்.

எனக்கு என்ன தாங்கவில்லை என்றால், அவளுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? உங்கள் வீட்டு போட்டோ ஒன்றில் அந்தப் படகில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். கட்டிய கணவன், தொழில் தெரிந்தவன், ஒழுகாமல் காப்பாற்ற வழி சொல்கிறான். அவன் பேச்சு காதில் ஏறவில்லை. ஊரில் உள்ள தச்சனும் பல் டாக்டரும் சொன்னால் வேதவாக்கு. இதுதான் வலிக்கிறது மைத்துனரே, தோள்பட்டை இல்லை.

இன்று வியாழன். நான்கு நாளாக நான் அவளோடு பேசுவதில்லை. அவள் பேசுகிறாள். உப்பு வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கிற குரலில், “உப்பு இந்த வீட்டில் எங்கே இருக்கிறதோ” என்று பொதுவாகச் சொல்வேன், வந்து சேரும். நேற்று சங்கத்துக்கு என் ராஜினாமாவை எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். செயலாளர் படித்தார், “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் திமிரையும் இங்கே பதிவு செய்கிறேன். நீங்கள் உடனே வண்டி எடுத்துக்கொண்டு வந்து, ஏரியின் அடியில் மிச்சம் இருப்பதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுங்கள். அப்படியே உங்கள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், கணவன் என்றால் யார் என்று நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி அனுப்புங்கள். படகா நானா என்று அவள் முடிவு செய்யட்டும். என்ன முடிவு செய்வாள் என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

சின்னவள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, மரச்சாமான் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் வாழ ஆசீர்வதிக்கிறேன். உங்கள் மனைவிக்கு என் அன்பு. உங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்களால் தண்ணீர்ப் பக்கம் போன
அத்தான்

பின்குறிப்பு: சனிக்கிழமை மாலை எழுதுகிறேன். வீட்டில் இருந்த பசையெல்லாம் படகுக்குப் போய்விட்டதால் உறையை ஒட்ட முடியாமல் கடிதம் இரண்டு நாளாக மேஜையிலேயே கிடந்தது.

இன்று காலை என் மடக்கு நாற்காலியை மீட்கத்தான் துறைக்குப் போனேன், வேறு எதற்கும் இல்லை. எல்லாரும் வாளியோடு இறைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கை கட்டி நின்றேன். ஒரு வாளி சும்மா கிடந்தது. பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது, நானும் இறைத்தேன். பத்து மணிக்குப் படகு காலியானது. உங்கள் அக்கா தக்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். இப்போது பாருங்கள் வேடிக்கையை என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி. அரை மணி. ஒரு மணி. எனக்கே பொறுக்காமல் படகில் இறங்கி, அடிப்பலகையில் கம்பியை ஊன்றிக் காதை வைத்தேன். எத்தனையோ குழாய்களுக்குக் காது கொடுத்திருக்கிறேன் மச்சான், இப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. “என்ன சார், எங்கயாவது வலி தெரியுதா?” என்று பல் டாக்டர் மேலிருந்து கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

ராஜினாமாவைத் திரும்பக் கேட்டேன். அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே கட்டுக் கட்டாக ராஜினாமாக்கள். சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொருவரும் முதல் வருடத்தில் ஒன்று எழுதியிருக்கிறார்கள், எல்லாவற்றிலும் ஒரே புகார். பல் டாக்டருடையது மூன்று பக்கம். “இதைக் குடுக்காம யாரும் முழு உறுப்பினர் ஆனதில்ல சார்” என்றார். டின்னின் அடியில் பழுப்பேறிய தாள் ஒன்று. உங்கள் அப்பாவின் கையெழுத்து. பதினொரு வயதுள்ள தன் மூத்த மகள், தான் இல்லாத நேரத்தில், ஊரார் பேச்சைக் கேட்டுப் படகின் தக்கையைப் பிடுங்கிவிட்டதாகவும், இப்படிப்பட்ட சங்கத்தில் ஒரு நிமிடமும் இருக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார்.

உங்கள் அக்காவிடம் காட்டி, “ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். ஐந்து நாளைக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“நாப்பத்தேழு ஓட்டையை எண்ணுனீங்க. உனக்கு இந்தப் படகு தெரியுமான்னு ஒரு தடவை கேட்டீங்களா?” என்றாள்.

கேட்கவில்லை. முப்பத்தோரு வருடமாகக் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அணிவகுப்பில் சுக்கான் அவள் கையில், துடுப்பு என் கையில். படகை எடுத்துப்போக வர வேண்டாம், பார்க்க வாருங்கள். மேலே உள்ள எட்டுப் பக்கத்தையும் எப்படி வாபஸ் வாங்குவது என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். உங்கள் அப்பாவின் கடிதத்திலும் கடைசியில் ஒரு பின்குறிப்பு இருக்கிறது. என்னைவிடச் சுருக்கமாக எழுதத் தெரிந்தவர், அதையே இங்கே எடுத்து எழுதி முடிக்கிறேன்: “படகு மிதக்கிறது. மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம்.”