சாம்பியா அண்ணையும் போட்ஸ்வானாச் சம்பந்தியும்

இந்தக் குளிர்நாட்டு டோர்செட் பார்க்கில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற தமிழர் அத்தனை பேருக்கும் அந்த வருத்தத்தைக் கொடுத்தவர் சாம்பியா அண்ணைதான். மற்றவர்களை விடுங்கள், என்னுடைய வருத்தத்துக்கு நான் சத்தியம் செய்யத் தயார்.

எங்கள் மாடியில் அடுத்த கதவு அவருடையது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போன கணக்கு வாத்தியார்களில் ஒருவர். சாம்பியாச் சம்பளம் காணாதென்று கூட இருந்தவர்கள் பக்கத்து நாடான போட்ஸ்வானாவுக்கு மாறியபோது, இவர் மட்டும் அசையவில்லை. அசையாததற்கு நியாயம் சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை எடுத்தார்.

லிஃப்ற் பழுதாகி, நான் மரக்கறிப் பையோடு படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன். கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்.

"சாம்பியாவில லிஃப்ற் பழுதாகிறதே இல்லை, பிள்ளை."

"அங்கை லிஃப்ற் இருந்ததோ அண்ணை?"

"இல்லை. அதைத்தானே சொல்லுறன்!"

செத்தவீட்டிலும் விடமாட்டார். ஒருமுறை பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "போட்ஸ்வானாவில செத்தால் இவ்வளவு சனம் வராது. அங்கை மாடு கூட, மனிசர் குறைவு" என்று ஆரம்பித்தார். செத்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். நான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

போன வருடம் என் மகள் அபி ஒரு பெடியனைக் கூட்டி வந்தாள். நல்ல பெடியன். தாய் தகப்பனுக்கு அஜின்கோர்ட்டில் தனி வீடு. கலியாணம் பேச வருகிறார்கள். என் மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. எங்கள் பக்கத்தில் இருந்து கதைக்க ஒருவர் வேண்டாமா? "மாமா வரோணும்" என்று அபி ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணையைத்தான் அப்படிக் கூப்பிடுவாள். நான் வேலைக்குப் போன நாளெல்லாம் அவளைப் பள்ளிக்கூட பஸ்ஸால் இறக்கிக் கூட்டி வந்து சோறு கொடுத்தவர் அவர்தான். வேறு வழியில்லை.

"அண்ணை, இண்டைக்கு சாம்பியா எண்டு வாயைத் திறந்தியளோ, சாகுமட்டும் நான் உங்களோட கதைக்கமாட்டன்."

"நான் எப்ப பிள்ளை அதைப் பற்றிக் கதைச்சனான்?"

மாப்பிள்ளையின் தகப்பன் வந்து உட்கார்ந்தார். வாய் திறந்ததுமே, "நாங்கள் போட்ஸ்வானாவில இருந்தனாங்கள்" என்றார். நான் திரும்பி அண்ணையை முறைத்தேன்.

"முதல் இருந்தது சாம்பியாவிலதான். அதெல்லாம் ஒரு நாடே? சவர்க்காரத்துக்கு லைன், எண்ணெய்க்கு லைன். போட்ஸ்வானா சொர்க்கம். ரோட்டு என்ன, ஆசுப்பத்திரி என்ன!"

அண்ணை ஒரு வடையை முழுதாக வாய்க்குள் தள்ளினார். அது இறங்குவதற்குள் இன்னொன்று. காது இரண்டும் சிவந்துவிட்டன.

அந்த மனிதர் எங்கள் கூரையில் தண்ணீர் ஊறிய இடத்தை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்கு இனிச் சுகம்தான். இந்த அப்பார்ட்மென்றில இருந்து எங்கட வீட்டுக்கு வாறது, சாம்பியாவில இருந்து போட்ஸ்வானாவுக்கு வாற மாதிரி."

"சாம்பியாவுக்கு என்ன குறை?"

யார் கத்தியது என்று பார்த்தால், நான்தான்!

"காசுக்கே மழை எண்டு பேர் வைச்ச நாடு உங்கட போட்ஸ்வானா. ஏன்? அங்கை மழை இல்லை! எங்கட சாம்பியாவில மழை கொட்டும். ரோட்டோரம் முழுக்க மாமரம். எண்ணெய்க்கு லைனில நிண்டனீங்கள், சரி. கிடைக்காமல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரி தன்ர போத்தில்ல பாதியை ஊத்தித் தந்தவளோ இல்லையோ? இந்த மாடியும் அப்பிடித்தான். அடுத்த கதவு திறந்தபடியாலதான் என்ர பிள்ளை வளர்ந்தவள்!"

எங்கட சாம்பியாவாம்! நான் விமானத்தில்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

அபியின் கண் நிறைந்துவிட்டது. பாவி, பெற்ற பிள்ளையின் கலியாணத்தை என் வாயாலேயே குழப்பிவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எண்ணெய் தந்தவள்தான். போட்ஸ்வானாவில நான் ஒரு வார்த்தை கதைக்க ஆளில்லாமல் அழுதுகொண்டு இருந்தனான். இவருக்கு ரோட்டு மட்டும்தான் தெரியும்." பிறகு புருசன் பக்கம் திரும்பி, "நீங்கள் வாயை மூடிக்கொண்டு வடையைச் சாப்பிடுங்கோ" என்றார்.

தட்டில் வடை இல்லை. அவ்வளவும் அண்ணையின் வயிற்றில். மாப்பிள்ளைப் பெடியன்தான் முதலில் சிரித்தான். அன்றைக்கே நாள் குறித்தோம்.

அவர்கள் போன பிறகு அண்ணை வாயைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, அந்தப் பெரிய நீர்வீழ்ச்சியைச் சொல்ல மறந்திட்டாய்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கலியாண அட்டையில் தாய்மாமன் என்ற இடத்தில் அவருடைய பெயரைப் போட்டேன். எங்கள் வழக்கப்படி பெயருக்கு முன்னால் அவர் பிறந்த ஊர், கோண்டாவில். அடித்து வந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்.

"என்ன பிள்ளை இது? ஊரைப் பிழையாய்ப் போட்டிருக்கிறாய்!"

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு அச்சகத்துக்குப் போன் எடுத்து, அட்டையைத் திரும்பவும் அடிக்கச் சொன்னேன். சாம்பியா என்ற எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன்.