பேழையில் ஏறிய மோசே

"அப்புறம் மோசே என்ன பண்ணினாரு, எல்லா மிருகத்துலயும் ரெண்டு ரெண்டா பிடிச்சுப் பேழைக்குள்ள ஏத்தினாரு" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

எதிரே எட்டுப் பிள்ளைகள். எல்லாருக்கும் பதிமூன்று, பதினான்கு வயது. முன் பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரப் பெண் கையைத் தூக்கினாள்.

"அங்கிள், அது நோவா."

வாயில் விட்ட தண்ணீர் மூக்குப் பக்கம் போய்விட்டது. இருமி முடிப்பதற்குள் "தப்பாச் சொல்லிட்டேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இருபத்திரண்டு வருட வேலையில் எந்த லிஃப்ட் நின்றாலும் "வோல்டேஜ் சரியில்லை" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"நீங்க கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன். இனிமே வாராவாரம் வேணும்னே ஒரு தப்பு சொல்லுவேன். கண்டுபிடிக்கிறது உங்க பொறுப்பு."

எட்டு நோட்டுகள் ஒரே நேரத்தில் திறந்தன. 

அவர் இந்த அறையில் நிற்பதே ஒரு விபத்து. ஞாயிறுதோறும் மனைவியைக் கோயிலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வேனில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பதினாறு வருடமாக அதுதான் வழக்கம். போன மாதம் போதகர் வேன் ஜன்னலில் வந்து நின்றார்.

"தம்பி, வேத அடிப்படை வகுப்புக்கு ஒரு ஆள் தேவைப்படுது. எட்டுப் பிள்ளைங்க. ஆறே வாரம். வர்றீங்களா?"

"அடிப்படையா? அதெல்லாம் சின்ன வயசுலயே கரைச்சுக் குடிச்சதுங்கய்யா" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். சொன்ன பிறகுதான் அது தப்பிக்கிற பதில் இல்லை என்று தெரிந்தது. பின்னால் பாட்டுப் புத்தகத்தோடு நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

இரண்டாம் வாரம் தயாராகவே வந்தார். வேண்டுமென்றே சொல்லவேண்டிய தப்பை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார். நோவா சில மிருகங்களை ஏழு ஏழு ஜோடியாக ஏற்றினார் என்பதுதான் அது. யாருக்கும் கண்ணில் படும், எளிமையான தப்பு.

ஒரு மணி நேரம் பேசி முடித்து, "சரி, தப்பு எது?" என்றார்.

"மொத்தம் பதினொண்ணு அங்கிள்" என்றாள் கண்ணாடிக்காரி. "நோவாவுக்கு மூணு பசங்க, நீங்க ரெண்டுன்னு சொன்னீங்க. முதல்ல வெளிய விட்டது காக்காவை, நீங்க புறான்னு சொன்னீங்க. அப்புறம்..."

"ஏழு ஜோடியை விட்டுட்டியே."

"அது சரிதானே. சுத்தமான மிருகம்னா ஏழு ஜோடி. வேதத்துல அப்படித்தான் இருக்கு."

வேண்டுமென்று சொன்னது சரியாகப் போயிற்று. நம்பிச் சொன்னதெல்லாம் தப்பாகப் போயிற்று. இதை எந்த வோல்டேஜ் மேல் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வாயைத் திறந்தால்தானே வம்பு என்று மூன்றாம் வாரம் ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார்.

"இனிமே கேள்வியை எழுதி இதுல போடுங்க. நிதானமாப் படிச்சு அடுத்த வாரம் பதில் சொல்றேன்."

ஆளுக்கு ஒரு சீட்டு விழும், எட்டுக் கேள்வியைச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். வீட்டில் பெட்டியைக் கவிழ்த்தால் நாற்பத்து மூன்று சீட்டு. காயீனுக்குப் பெண் கொடுத்தது யார்? ஆதாமுக்குத் தொப்புள் உண்டா? இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு இரண்டாவது தடவை செத்தபோதும் ஊரே அழுததா? பேழையில் கொசுவையும் ஏன் ஏற்றினார்கள்?

போதகருக்குப் போன் செய்தார். "எல்லாம் புத்தகத்துல இருக்கு தம்பி" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து டூல் பெட்டியில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் வேதாகமமும் பயணம் செய்தது. மொட்டை மாடி மெஷின் ரூமில், கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துவிட்டு, மோட்டார் மேல் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தார். காயீனைத் தேடிப் போனவர் ஆபிரகாமைத் தாண்டி, யாக்கோபைத் தாண்டி, யோசேப்பிடம் வந்து மாட்டிக்கொண்டார். சொந்த அண்ணன்களே குழியில் தள்ளிவிட்ட பையன், செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடக்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூட அவருக்கு மனம் வரவில்லை. கீழே லிஃப்ட்டை நிறுத்தி வைத்திருப்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

ஏழாவது மாடி அம்மா இரண்டு கையிலும் பையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு மெஷின் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"இன்னும் ஜெயில்லேர்ந்து விடலைம்மா" என்றார் தலை நிமிராமல்.

அந்த அம்மா செய்த புகாருக்கு அலுவலகத்தில் விளக்கம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. காரணம் என்ற இடத்தில் வழக்கம்போல வோல்டேஜ் என்று எழுதினார்.

நான்காம் வாரம் ஒரு தந்திரம் செய்தார். "கேட்டவங்களே பதிலைத் தேடிக் கொண்டுவாங்க. நான் திருத்துறேன்." மறுநாளே அவர்கள் அதிகாரம், வசன எண் எல்லாம் போட்டு நோட்டு நோட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருத்துகிறவன் அத்தனையையும் படித்தாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வாரக் கடைசிக்குள் நான்கு சுவிசேஷங்களும் முடிந்திருந்தன. இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் பட்டதாக மனைவியிடம் சொன்னார்.

ஐந்தாம் வாரம் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது. பேர் இல்லை. 'ஜெபம் பண்ணும்போது அந்தப் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று எப்படித் தெரியும்?'

அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட்தான்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "நடுவுல மாட்டிக்கிட்டவங்க மணியை அடிப்பாங்க. நான் சாவியை எடுத்துக்கிட்டுப் படியேறிப் போய்க்கிட்டிருப்பேன். அது உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாது. யாருமே வரலைன்னு திட்டுவாங்க, அழுவாங்க. கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்."

"எல்லாரையும் வெளிய எடுத்துருவீங்களா அங்கிள்?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"என் தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நானும் மணி அடிச்சேன்மா. பதினாறு வருஷம் முந்தி. அவ பிழைக்கலை. அந்தப் பக்கம் யாருமில்லைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அந்த முடிவு சரிதானான்னு இப்போ... தெரியலை."

தெரியலை என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில் அவருக்கே ஆச்சரியம். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று யாரும் தப்பு எண்ணவில்லை.

ஆறாம் வாரம், ஆராதனை முடிந்ததும் பெற்றோர் எல்லாரையும் உட்காரவைத்து, போதகர் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக மெக்கானிக் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே, எல்லாம் கவிழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எதுவும் கவிழவில்லை. பத்துக் கட்டளை, பன்னிரண்டு சீஷர், மலைப்பிரசங்கம் என்று கேட்கக் கேட்கப் பிள்ளைகள் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னார்கள். அவர் வாயே திறக்காத பாடங்களைக்கூடச் சொன்னார்கள். பெற்றோர் கைதட்டினார்கள். மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க தம்பி" என்றார் போதகர்.

'எல்லாம் பிள்ளைங்க உழைப்பு' என்று சொல்லிவிட்டு உட்காரலாம் என்றுதான் எழுந்தார். ஆனால் அந்த எட்டு முகங்களைப் பார்த்ததும் வேறு மாதிரி வந்துவிட்டது.

"நான் வேணும்னு எந்தத் தப்பும் சொல்லலை. எனக்கு அடிப்படையே தெரியாது. மோசேயைப் பேழையில ஏத்தினது நான்தான், நிஜமாவே. இந்தக் கைதட்டு எனக்குச் சேராது. என்னை மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். போதகர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கூட்டம் கலைந்தபோது, கண்ணாடிக்காரப் பெண்ணின் அம்மா அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஒண்ணுதாங்க புரியலை" என்றார் மெக்கானிக் அவரிடம். "நான் சொல்லிக்கொடுக்காததை எல்லாம் உங்க பொண்ணு எப்படிச் சொன்னா?"

"அவ இந்த வகுப்பை முடிச்சு ரெண்டு வருஷமாச்சுங்க, 'வேன்ல உக்காந்து பேப்பர் படிக்கிற ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கணும், எட்டுப் பேர் வேணும்'னு போதகர் ஐயா கேட்டதாலதான் மறுபடி வந்து உக்காந்தா."